கால் பிடிக்கிற நசுருதீன் பாய்

செஞ்சியில் பக்ரீத் அன்று காலையில் நசுருதீன் பாயை அவர் வீட்டில் போய்த் தேடுவது வீண் வேலை. ஈத்காவில் தொழுகை முடிந்து, ஒருவரை ஒருவர் தழுவி முடித்து, வீட்டுக்கு வந்து புதுச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஆண்கள் பழைய கைலிக்கு மாறுகிற நேரத்தில், ஏதாவது ஒரு வீட்டுக் கொல்லையில் அவருடைய குனிந்த முதுகுதான் முதலில் கண்ணில் படும். யார் வீட்டு ஆட்டுக்கோ கால் பிடித்துக்கொண்டிருப்பார்.

மற்ற நாட்களில் அவர் திண்டிவனம் ரோட்டில் சீட் கவர் தைக்கிறவர். கிழிந்து பஞ்சு பிதுங்கிய பைக் சீட்டுகள் கடை வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். வேலை செய்யும்போது வாயில் எப்போதும் நாலைந்து குட்டை ஆணிகளைக் கவ்வியிருப்பார். அதனால் யார் என்ன கேட்டாலும் தலையாட்டல்தான் பதில். “வாயில ஆணி இல்லாதப்பவும் அதே பேச்சுதான்” என்பாள் அவர் மனைவி முன்னி.

குர்பானி ஆட்டை அறுக்க ஊரில் ஆள் உண்டு. உரிக்கவும் உண்டு. கால் பிடிக்கத்தான் பக்குவமான ஆள் கிடைக்காது. முட்டியைப் போட்டு அமுக்குகிறவர்களே அதிகம். நசுருதீன் பாய் அமுக்க மாட்டார். தூங்கிப்போன பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல ஆட்டை இடது பக்கமாகச் சாய்ப்பார். மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டிவிட்டு ஒரு பின்னங்காலை மட்டும் கட்டாமல் விட்டு, அதைத் தன் கையில் வைத்துக்கொள்வார். “ஒதைக்கணும்னு அதுக்கு தோணுச்சின்னா ஒதைச்சிக்கட்டும். அதுக்கும் ஒரு காலு வேணும்ல” என்பார். இன்னொரு கையால் அதன் கண்ணை மறைத்து, காதருகே குனிந்து ஏதோ சொல்வார். என்ன சொல்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆட்டுக்கு முன்னால் கத்தி தீட்டினால் மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிடும். எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும், “அந்தாண்ட போய்த் தீட்டுங்க” என்று விரட்டுவார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் ஊரை அதட்டுகிற நாள்.

பழக்கடை உசைருக்கு அவரைச் சீண்டாவிட்டால் பெருநாள் நிறையாது.

“ஊர்ல இருக்கற ஆட்டு காலையெல்லாம் புடிச்சிட்ட நசுரு. உன் வூட்டு ஆட்டு கால எப்பப்பா புடிக்கப் போற?”

“உன் ஆட்ட மொதல்ல ஆடாம நிக்கச் சொல்லு.”

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சிரிப்புக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பது முன்னிக்குத் தெரியும். கறிக்கு அவர்கள் வீட்டில் ஒரு பெருநாளும் குறைவு இருந்ததில்லை. கால் பிடித்த வீடுகளிலிருந்தெல்லாம் பங்கு வந்து சேரும். குர்பானி கொடுக்காததில் பாவமும் இல்லை. வசதி உள்ளவர்களுக்குத்தான் அது கடமை. இதெல்லாம் அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு முறை, ஒரே ஒரு முறை, காலை இன்னொருவர் பிடிக்க, கத்தியைத் தன் கையில் வாங்கி, தன் பெயரால் ஓர் ஆட்டைக் கொடுத்துவிட வேண்டும். நசுருதீன் என்று ஒருவன் இருந்தான், அவனும் கொடுத்தான் என்று மேலே போய்ச் சேர வேண்டும். அந்த ஆசையை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆட்டின் காதில் சொல்லியிருக்கலாம்.

இந்தக் கோடை விடுமுறையில், பள்ளிக்கூட வேன்கள் ஓட்டுகிற ஒருவர் எல்லா வேனுக்கும் சீட் மாற்றச் சொல்லி மொத்தமாக வேலை கொடுத்தார். வேலை முடிந்து காசு கைக்கு வந்த அன்று, சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துவிட்டு முன்னி சொன்னாள்:

“ஃப்ரிட்ஜு அடுத்த வருசம் வாங்கிக்கலாம். போய் ஆட்டப் பாருங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாயில் சோறு இருந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

பெருநாள் திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைச் சந்தையில், ஆட்டு நாற்றமும் டெம்போ ஹாரனும் டீக் கிளாஸ்களின் சத்தமுமாகக் கலந்துகிடந்த கூட்டத்தில், ஓர் ஓரமாக நின்றிருந்தது அந்தக் கிடா. முழுக் கருப்பு. நெற்றியில் மட்டும் வெள்ளைச் சுட்டி. அதைப் பிடித்திருந்த பையன் ஒரு காலை லேசாகச் சாய்த்து நின்றான். குரு என்று பெயர், சிங்கவரம்.

நசுருதீன் பாய் ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தார். பால்பல் விழுந்து இரண்டு பெரிய பல் வந்திருந்தது, வயது சரி. காது, கொம்பு, கண் ஊனமில்லை. நடத்திப் பார்த்தார், பையனைவிட நன்றாக நடந்தது. கழுத்து மயிரில் மட்டும் மஞ்சள் கறை.

“இது இன்னாப்பா?”

“அதுவா பாய்… எங்க ஆடுன்னு அடையாளம்” என்று குரு எங்கேயோ பார்த்துச் சொன்னான்.

தரகர் வீராசாமி துண்டைப் போட்டு இருவர் கையையும் மூடி, விரல் பிடித்து விலையைப் படிய வைத்தார். கயிறு கைமாறிய நொடியில் நசுருதீன் பாய் மனதுக்குள் நிய்யத் வைத்தார்: இது என் குர்பானி. சந்தை வாசலில் புதுக்கயிறு ஒன்று வாங்கி, பழையதை அவிழ்த்துப் பையனிடமே கொடுத்துவிட்டு, ஆட்டை நடத்திக்கொண்டு வந்தார். கடைத்தெருவில் உசைர் தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று சலாம் வைத்தான். அதில் கிண்டல் இல்லை.

கல்லூரிக்குப் போகும் மகள் அஃப்ஷான் ஆட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “அத்தா, இதுக்கு இன்னா பேரு வைக்கலாம்?”

“பேரெல்லாம் வைக்கக் கூடாது. மூணு நாளு விருந்தாளி. வூட்டுக்கு வந்த விருந்தாளிக்கு யாராவது பேரு வைப்பாங்களா?”

“கையால எல தரலாமா?”

“கீழ போடு. அதுவே எடுத்துக்கும்.”

ஊரான் ஆட்டிடமெல்லாம் காதோடு பேசுகிறவர், சொந்த ஆட்டின் பக்கமே போகவில்லை. தண்ணீர் வைப்பார், அப்படியே திரும்பிவிடுவார். பெருநாள் நெருக்கத்தில் வாங்கியதே அதற்காகத்தான். பழகிவிட்டால் கத்தி வைக்கும்போது கை நடுங்கும் என்று அவருக்குத் தெரியும். கை நடுங்கி நின்றவர்களுக்கெல்லாம் கால் பிடித்தவர் அவர். முன்னி இதையெல்லாம் பார்த்தாள். மிளகாயைக் காயப்போட்டபடி தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, பெருநாளுக்கு முந்தின நாள், அரஃபா நோன்பு. கணவன் மனைவி இருவருமே நோன்பிருந்தார்கள். மதியத்துக்கு மேல் ராஜகிரி மலைப் பாறையெல்லாம் அனலை ஊர்ப்பக்கம் கக்கிக்கொண்டிருந்த நேரத்தில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டிருந்தாள். கையில் ஒரு பழைய கயிறு.

“பாயம்மா, சீட் கவர் பாய் வூடு இதானே? சிங்கவரத்துலேர்ந்து வர்றேன். எம் பேரு சுந்தராம்பா. வெள்ளிக்கெழம சந்தையில எம் பையன்கிட்ட ஆடு வாங்குனீங்களாமே. தரகர் வீராசாமி சொன்னாரு.”

குரல் கேட்டதும் கொல்லையிலிருந்து கிடா கத்தியது. மூன்று நாளாகக் கத்தாத ஆடு. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உள்ள வாங்கக்கா” என்றாள் முன்னி.

சுந்தராம்பாள் உட்காரவில்லை. நின்றபடியே நசுருதீன் பாயிடம் சொன்னாள். “விக்கறதுக்கு வளத்தது இல்ல பாய். அங்காளம்மாவுக்கு நேந்து வுட்டது. நான் கல்லக்காய் புடுங்கப் போன நேரம் பாத்து, என்னை ஒரு வார்த்த கேக்காம ஓட்டிகினு பூட்டான். கழுத்துல கட்டியிருந்த மஞ்சத்துணிய அவுத்து வேலியில போட்டுட்டு போயிருக்கான், பாவி.”

“நேந்து வுட்டதா?”

“போன வருசம் வண்டியோட வுழுந்து கெடந்தான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில சொல்ல வேண்டியவங்களுக்கு சொல்லியனுப்பிடுங்கன்னுட்டாங்க. அப்ப இது குட்டி. இத மடியில வெச்சிகினு மலையனூர் கோயிலுக்கு பஸ் ஏறுனேன். கண்டக்டரு இதுக்கும் டிக்கெட் எடுன்றான். அம்மா எதுர்ல நிறுத்தி, எம் புள்ளைய வுட்டுடு, அவனுக்குப் பதுலா இது இருக்குது, வளத்துக் குடுத்துடறேன்னு சொல்லிட்டு வந்தேன். வர்ற ஆடியில குடுக்கணும்.” அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “எந்த வண்டியில வுழுந்தானோ, அதே வண்டிய சரி பண்றதுக்கு இத வித்துட்டான் பாய். அவனுக்குப் பதுலா நிக்கறத அவனே வித்திருக்கான். இவன என்னா பண்றது சொல்லுங்க.”

முன்னி கணவனைப் பார்த்தாள். நசுருதீன் பாய் தரையைப் பார்த்தார்.

மகனுக்குப் பதிலாக வந்த ஆடு. இப்ராஹீம் நபி மகனைக் கிடத்திக் கத்தியை எடுத்ததும், மகனை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள் என்று ஆடு வந்ததும் அவர் வருஷந்தோறும் பள்ளிவாசல் பயானில் கேட்டு வளர்ந்த கதை. அந்த ஆடு தன் வீட்டுக் கொல்லையில் வந்து நிற்கும் என்று அவர் நினைத்ததில்லை.

“யக்கா, நான் நிய்யத்து வச்சிட்டேன்” என்றார் மெல்ல. “எங்கள்ல அது வாக்கு குடுத்த மாதிரி.”

“எனக்கும் அது வாக்குதான் பாய்.”

“பள்ளிவாசல்ல ஹஜ்ரத்த கேட்டுட்டு வந்துடறேன். நீங்க உக்காருங்க.”

சாயங்கால அசர் தொழுகை முடிந்து, கூட்டம் கலையும்வரை காத்திருந்து, அவர் இமாம் ஹஜ்ரத்திடம் போனார். வழியெல்லாம் கேள்வியை ஒழுங்குபடுத்திக்கொண்டே வந்திருந்தார். தையல் போடுவதற்கு முன் துணியை இழுத்து நேராக்குவது போல.

“ஹஜ்ரத், வசதி இல்லாத ஒருத்தன் குர்பானின்னு நிய்யத்து வச்சி ஒரு ஆடு வாங்கிட்டான். அப்புறம் வித்தவங்க வந்து திருப்பிக் கேக்கறாங்க. வேற ஆட்ட மாத்திக்கலாமா?”

“வசதி உள்ளவன் மாத்திக்கலாம். வசதி இல்லாதவன் நிய்யத்து வச்சி வாங்கிட்டா, அந்த ஆட்டையேதான் குடுக்கணும். அது அல்லாஹ்வுக்குன்னு ஆயிடுச்சி” என்றார் ஹஜ்ரத். “யாரு, நீயா?”

நசுருதீன் பாய் தலையாட்டினார்.

பள்ளிவாசல் படியிறங்கும்போது நடையில் ஒரு துள்ளல் இருந்தது. சட்டமே சொல்லிவிட்டது. ஏழையின் ஆடு, மாற்ற முடியாத ஆடு. தன் கடைப் பூட்டைத் தாண்டும்வரை அந்தத் துள்ளல் இருந்தது. அப்புறம் கொஞ்சம் குறைந்தது. உசைர் கடையைத் தாண்டும்போது அவன் ஏதோ கூப்பிட்டுச் சொன்னான், காதில் விழவில்லை. தெருமுனைக்கு வந்தபோது நடக்கிறாரா நிற்கிறாரா என்றே தெரியாத அளவுக்கு மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

வாசலிலேயே முன்னி பிடித்துக்கொண்டாள்.

“ஹஜ்ரத்து இன்னா சொன்னாரு?”

“மாத்தக் கூடாதாம். அதையேதான் குடுக்கணுமாம்.”

முன்னி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“அந்தப் புள்ள அவங்க அம்மாவ கேக்காம திருட்டுத்தனமா வித்துச்சே, அத சொன்னீங்களா?”

வாயில் ஆணி இல்லை. ஆனாலும் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார்.

“கேள்விய பாதியா வெட்டி எடுத்துட்டு போயிருக்கீங்க” என்றாள் முன்னி. குரலில் கோபம் இல்லை. “நோம்பும் அதுவுமா.”

அவர் கொல்லைக்குப் போனார். சுந்தராம்பாள் ஆட்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆடு அவள் மடியில் தாடையை வைத்திருந்தது. பக்கத்தில் முன்னி கொடுத்திருந்த சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.

“யக்கா, வெயில்ல நடந்து வந்திருக்கீங்க. தண்ணி குடிக்கலியா?”

“நீங்க ரெண்டு பேரும் பல்லுல பச்சத்தண்ணி படாம இருக்கீங்க. உங்க வூட்டுல உக்காந்துகினு நான் மட்டும் எப்பிடி குடிக்கிறது? பொழுது எறங்கட்டும்.” பிறகு ஆட்டிடம் குனிந்து, “இன்னாடா குரு, பசிக்குதா?” என்றாள்.

“பேரு வச்சிருக்கீங்களா?”

“வெச்சிருக்கறதாவது! எம் பையன் பேருதான். அவன கூப்ட்டா இது வருது. இத கூப்ட்டா அவன் வரான்.”

நசுருதீன் பாய் கொஞ்சம் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கேட்கலாமா என்று யோசித்துக் கேட்டார். “அப்ப ஆடியில மனசு வருமா யக்கா?”

“எங்க வரும்? ஒரு வாரத்துக்கு சோறு எறங்காது. அதுக்குன்னு சந்தையில எவன் ஆட்டையோ வாங்கியாந்து, எம் புள்ளைக்கு இதுதான் பதுலுன்னு அம்மா எதுர்ல நின்னு சொல்ல முடியுமா? சிரிக்க மாட்டா?”

அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. அவள் அவரைச் சொல்லவில்லை. ஆனால் சந்தையில் வாங்கி, பேர் வைக்காமல், கையால் ஓர் இலை ஊட்டாமல், மூன்று நாளில் வலிக்காமல் முடித்துவிடப் பார்த்தவர் அங்கே ஒருவர்தான் இருந்தார். இத்தனை வருஷம் காத்திருந்தது எதற்காக? தன் பெயருக்காகவா? உசைர் எழுந்து நின்று வைத்த சலாமுக்காகவா? அதை நினைத்தபோது, வெள்ளிக்கிழமையிலிருந்து ஆட்டின் பக்கம் போனதைவிட அந்தச் சலாமின் பக்கமே அதிகம் போய்வந்திருக்கிறோம் என்று பட்டது.

எழுந்து புதுக்கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. விரல் நழுவியது. கை நடுங்கிக்கொண்டிருப்பதை அப்போதுதான் பார்த்தார்.

“கூட்டிட்டு போங்க யக்கா. இது உங்களுது. உங்கள கேக்காம வித்தது எனக்கு எப்பிடி குர்பானி ஆடாவும்?”

சுந்தராம்பாள் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள். “அவன் செலவு பண்ணது போவ மிச்சம் கொஞ்சம்…”

“அதெல்லாம் மெதுவா பாத்துக்கலாம்.”

அவள் கொண்டுவந்த பழைய கயிற்றை ஆட்டின் கழுத்தில் போட்டாள். பொழுது இறங்கி மஃரிப் பாங்கு சொல்லும்வரை இருந்து, அவர்களோடு ஒரு பேரீச்சம்பழம் வாயில் போட்டு, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுக் கிளம்பினாள். கிடா திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளோடு போயிற்று. நசுருதீன் பாய் வெறும் கயிற்றைச் சுற்றி ஆணியில் மாட்டினார். அரைத்து வைத்திருந்த மசாலாவை முன்னி டப்பாவில் போட்டு மூடினாள். அஃப்ஷான் மட்டும், “விருந்தாளிக்கு அவங்க வூட்டுலயே பேரு இருந்திருக்கு பாருங்க அத்தா” என்றாள்.

மறுநாள் ஈத்காவில் ஹஜ்ரத் அதே கதையைச் சொன்னார். கறியும் ரத்தமும் மேலே போய்ச் சேர்வதில்லை, மனசுதான் போகிறது என்று அவர் சொன்னபோது, நசுருதீன் பாய் தலையைக் குனிந்துகொண்டார். தொழுகை முடிந்து தழுவும்போது ஹஜ்ரத் கேட்டார்:

“எங்கப்பா உன் ஆடு? எத்தன மணிக்கு?”

“அது என் ஆடு இல்ல ஹஜ்ரத். வித்த பையனோட அம்மாவுது. அவங்கள கேக்காம வித்துட்டான். நேத்து அத உங்ககிட்ட சொல்லல.”

“சொல்லியிருந்தா திருப்பிக் குடுத்துடுன்னு சொல்லியிருப்பேனே.”

“தெரியும் ஹஜ்ரத். அதனாலதான் சொல்லல.”

ஹஜ்ரத் ஒரு நொடி அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். தோளில் தட்டி, “வா, எங்க வூட்டு ஆட்டுக்கு மொதல்ல நீ கால் புடிக்கணும். போன வருசம் நீ வர்றதுக்குள்ள ஆடு என்ன ஒதைச்சிடுச்சி” என்றார்.

அன்றைக்கும் ஒவ்வொரு கொல்லையாகக் குனிந்த முதுகோடு போனார். கத்தி தீட்டுகிறவர்களை அதட்டினார். உசைர் வீட்டில் உசைர் எதுவும் கேட்கவில்லை. விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. கேட்காமல் இருக்க அவன் பட்ட பாட்டைப் பார்த்து நசுருதீன் பாயே, “கேட்டுடு உசைரு, வயிறு வீங்கிடும்” என்றார்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது வாசலில் குரு நின்றிருந்தான். ஒரு காலைச் சாய்த்து, தலையைக் குனிந்து. கையில் ஒரு குட்டி. பழுப்பு நிறம். காது இரண்டும் முகத்தைவிடப் பெரிது.

“அம்மா அனுப்புச்சி பாய். ஆட்டுக்கு ஆடு குடுத்துட்டு வான்னுச்சி.”

நசுருதீன் பாய் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். அரிசி மணிபோல் பால்பல். முன்னி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“இதுக்கு ஒரு வயசாவது ஆவணும் தம்பி. குர்பானிக்கு இது செல்லாது.”

“அப்ப வேணாங்களா?” பையன் முகம் விழுந்துவிட்டது.

“அடுத்த பெருநாளைக்கு செல்லும்” என்றார் நசுருதீன் பாய். “அம்மாகிட்ட சொல்லு. வளத்துக் குடுக்கறேன்னு.”

முன்னி குருவை உட்கார வைத்துப் பிரியாணி போட்டாள். “வண்டி ஓடுதா?” என்று கேட்டாள். “ஓடுது பாயம்மா. அம்மாதான் சாவிய எடுத்து வெச்சிகினு தரமாட்டேன்னுது” என்றான் அவன். போகும்போது சுந்தராம்பாளுக்கும் ஒரு தூக்கு கொடுத்தனுப்பினாள்.

ஆணியில் தொங்கிய புதுக்கயிறு அந்தச் சின்னக் கழுத்துக்குத் தடிமனாக இருந்தது. நசுருதீன் பாய் அதைத் தளர்வாகக் கட்டினார். அஃப்ஷான் கல்லூரித் தோழிகளைப் பார்க்கப் போகும் அவசரத்திலும் நின்று, “இது விருந்தாளி இல்லதான அத்தா?” என்று கேட்டாள். அவர் காதில் விழாதவர்போலப் புளியங்கொழுந்தை உருவிக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு முன்னி பாத்திரம் கழுவக் கொல்லைப்பக்கம் வந்தாள். நசுருதீன் பாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். குட்டி அவர் உள்ளங்கையிலிருந்து இலை தின்றுகொண்டிருந்தது. அதன் பெரிய காதுக்குள் குனிந்து அவர் ஏதோ சொன்னார்.

“இப்ப இன்னான்னு கூப்டீங்க அத?”

“நானா? ஒண்ணும் இல்லியே.”

“எங்காதுல வுழுந்துச்சி.” முன்னி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “பேரெல்லாம் வைக்கக் கூடாதுன்னு யாரோ சொன்னாங்களே. அப்புறம் கஷ்டமா இருக்காதா?”

இலை தீர்ந்துவிட்டது. குட்டி அவர் விரலைச் சப்பத் தொடங்கியது. அவர் விரலை எடுக்கவில்லை.

“கஷ்டமாத்தான் இருக்கும்” என்றார்.